ஆறுமுகநயினாரின் கரையும் லூசியம்மாளின் எருமையும்

உவரியில் பிறந்த ஒருத்தி தாராவிக்கு வந்து எருமை வளர்த்தாள் என்றால் உவரிக்காரர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். கடலையும் கடலில் உள்ளதையும் தவிர வேறு எதைப் பற்றியும் அக்கறைப்படாத ஊர் அது. லூசியம்மாளும் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்து, வலை முடியக் கற்று, பத்தொன்பது வயதில் சூசைமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பம்பாய்க்கு வந்தவள்தான். சூசைமாணிக்கத்துக்கு அம்பர்நாத்தில் ஓர் ஆலையில் வேலை. காலை ஐந்தரை வண்டிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவான். மீதி நேரமெல்லாம் லூசியம்மாளும் பத்தடிக்கு எட்டடித் தகரக் குடிசையும்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி மாதம், செம்பூரில் ஒரு தபேலாவில், அதாவது பால் மாட்டுத் தொழுவத்தில், பால் வற்றிப்போன எருமை ஒன்றைக் கசாப்புக்கு அனுப்ப நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த வழியாகப் போன லூசியம்மாள் அதைப் பார்த்தாள். எருமையும் அவளைப் பார்த்தது. மறுநாள் கழுத்துச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு புனிதையின் பெயரை அதற்கு வைக்கலாம் என்று நினைத்தாள். ஞானஸ்நானம் பெறாத மிருகத்துக்கு அந்தப் பெயர் ஆகாது என்று உபதேசியார் தடுத்துவிட்டதால் ராசாத்தி என்று வைத்தாள்.

சந்தில் மொத்தம் எழுபத்திரண்டு வீடுகள். முக்கால்வாசிப் பேர் நாங்குநேரிப் பக்கத்துக் குளத்துப்பாசன ஊர்க்காரர்கள். எருமை என்றால் என்ன என்று பரம்பரை பரம்பரையாகத் தெரிந்தவர்கள். அவர்களையும் சேர்த்து எழுபத்தொரு வீட்டுக்காரர்களும் ஒரு வருஷம் விடாமல் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு ராசாத்தி கன்று ஈன்று, வேளைக்கு நாலரை சேர் பால் கறந்தபோது, சிரித்தவர்கள் எல்லோரும் பாத்திரத்துடன் வந்தார்கள். பாத்திரத்தைக் கொண்டு வரும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

சந்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். இடது பக்கம் தோல் கிடங்கின் பின்சுவர். வலது பக்கம் பூட்டியே கிடக்கும் ஒரு கோடவுனின் சுவர். மேல் முனையில் பெரிய ரோட்டுக்கு ஏற ஒன்பது படிகள், ஓர் ஆள் ஏறும் அகலம். கீழ் முனையில் சந்தும் அதன் நடுவே ஓடும் சாக்கடையும் சேர்ந்து மாகிம் கழியில் போய் முடியும். எருமைக்கு அந்த ஒரு வழிதான். தினமும் மாலை நாலு மணிக்கு லூசியம்மாள் ராசாத்தியை அந்த வழியாகக் கழிக்கரைக்கு ஓட்டிப்போய்ச் சேற்றில் புரளவிட்டு அழைத்து வருவாள். எருமை புரளும் நேரத்தில் அவளுக்குத் தண்ணீரைப் பார்ப்பதுதான் வேலை. உவரியில் கடல் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் அளவு. பம்பாயில் இரண்டு ஆள் உயரம். எந்தத் திதிக்கு எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்பது மூன்று வருஷத்தில் அவளுக்கு மனப்பாடம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதுமில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் ஜூலை இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பிடித்த மழை, புதன்கிழமை காலையிலும் விடவில்லை. ராசாத்தி இரண்டாம் கன்று ஈன்று அன்றைக்குப் பதினோராம் நாள். லூசியம்மாள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பால் கேனுடன் மாதுங்காவுக்கு நடந்தாள். ஏழு வீட்டு வாடிக்கை. கடைசி வீடு ஷ்யாமளா மாமி வீடு.

மாமி பாலை ஊற்றிப் பார்த்தாள். கரண்டியால் தூக்கியும் பார்த்தாள்.

"ஏண்டி லூசி, மழை வெளியில மட்டும் பெய்யறதா, கேனுக்குள்ளேயும் பெய்யறதா?"

"வானத்துக்குப் பால் எது, தண்ணி எதுன்னு தெரியல மாமி. நானும் மூணு நாளாச் சொல்லிட்டுதான் இருக்கேன்."

"வாய் மட்டும் கெட்டியா இருக்கு, பால் இல்லை. சரி, ரேடியோல என்ன சொன்னான் தெரியுமோ? சில இடங்கள்ல லேசா மழை பெய்யலாமாம்."

"அந்த எடம் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க மாமி, குடிபோயிருதேன்."

"போடி, எனக்கு வேலை தலைக்கு மேல. ஆடி அமாவாசை, மாமா தர்ப்பணத்துக்கு உட்காரப் போறார்."

அமாவாசை என்ற சொல் காதில் விழுந்ததும் லூசியம்மாளுக்குக் கணக்கு தானாக ஓடியது. பகல் பன்னிரண்டேகாலுக்கு முழு ஏற்றம். கடல் ஏறிச் சாக்கடை வழியாகச் சந்துக்குள் வரும். மாலை ஆறரைக்குத்தான் வற்றி முடியும். ராசாத்தி கட்டியிருப்பது சந்தின் கடைசித் தாழ்வில். லூசியம்மாள் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. சந்தில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தின் நடுவே, குடைபிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு நின்றவர் சந்து நலச் சங்கத் தலைவர் ஆறுமுகநயினார். பகலில் ஒரு பட்டறையில் மேஸ்திரி. ஆனால் அவருடைய தாத்தாவின் சித்தப்பா சொந்த ஊர்க் குளத்தில் மடை திறந்து மூடும் மடைக்காரராக இருந்தவர். ஆகவே, தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் தமக்குப் பிறப்பிலேயே ஞானம் உண்டு என்பது அவருடைய அபிப்பிராயம். குழாயடிச் சண்டையைக்கூட அந்த ஞானத்தை வைத்துத்தான் தீர்ப்பார்.

"கீழ வாசல்ல கரை போடுதோம். ஆள் ஒசரம். கழித்தண்ணி ஒரு சொட்டு உள்ள வரப்படாது" என்றார்.

லூசியம்மாள் கேனை இறக்கி வைத்தாள். "நல்ல காரியம் அண்ணாச்சி. பன்னெண்டேகாலுக்குக் கடல் முழுசா ஏறும். அதுவரைக்கும் கரை வேணும். ஆனா மூணு மணிக்குப் பொறவு தொறந்து வுட்ருங்க. ரோட்டுத் தண்ணி பூரா படிவழியா நம்ம சந்துக்குள்ளதான் விழுது. அது வெளிய போவ வேண்டாமா?"

ஆறுமுகநயினார் குடைக்கு வெளியே தலையை நீட்டி அவளைப் பார்த்தார்.

"தொறந்து வுடதுக்கா கட்டுதோம்? ஏம்மா, எங்கூர்ல கரைய வெட்டினான்னு சொல்லி ரெண்டு தலைமொறையா பேச்சுவார்த்த இல்லாத குடும்பம் இருக்கு. கரைங்கது சாமி மாதிரி."

"இது கொளம் இல்லையே அண்ணாச்சி, சாக்கடைதான?"

"கடக்கரைக்காரிக்குக் கொளத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சங்கச் செயலாளர் கோமதிநாயகம். தலைவர் எதைச் சொன்னாலும் அதன் கடைசிப் பகுதியைச் சொல்வது அவர் வழக்கம். இம்முறை தலைவர் சொல்ல வந்ததையே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எருமை வாங்கியபோது சிரித்த அதே எழுபத்தொரு வீட்டுச் சிரிப்பு.

ஒன்பதரைக்கு வேலை தொடங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைகள். மணல் மூட்டை அதில் முப்பதுதான். மற்றதெல்லாம் தோல் துண்டும் சாம்பலும் அடைத்தவை. மூட்டைகளுக்கு நடுவே இடுக்கு அடைக்க ஏதாவது வேண்டுமென்றார்கள். லூசியம்மாள் ராசாத்திக்காக வாங்கி அடுக்கியிருந்த மூன்று கட்டு வைக்கோலையும் பொதுநன்மை கருதி எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்த பிறகு கேட்டார்கள்.

பதினொன்றுக்குக் கரை எழும்பி நின்றது. பன்னிரண்டேகாலுக்கு, லூசியம்மாள் சொன்ன கணக்கு பிசகாமல், கழி நிறைந்து கரையில் வந்து மோதியது. கரை அசையவில்லை. ஆறுமுகநயினார் கரைமேல் ஏறி நின்று தேங்காய் உடைத்தார். ஊரில் குளம் நிறைந்தால் உடைப்பது வழக்கம். இங்கே குளம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. ஆளுக்கொரு சில்லுத் தேங்காய் வந்தது.

ஒன்றரை மணிக்கு வெளித்தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "பாத்தீங்களாலே, கரையக் கண்டு கடலு பின்வாங்குது" என்றார் தலைவர். "பின்வாங்குது" என்றார் கோமதிநாயகம். அதே நேரத்தில் ஒன்பது படிகளிலும் ரோட்டுத் தண்ணீர் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. சந்துக்குள் இரண்டு மணிக்கு முழங்கால் அளவு. மூன்று மணிக்குத் தொடை அளவு. தண்ணீர் பெருகப் பெருகத் தலைவருக்கு முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை குளம் பெருகும் ஊரில் பிறந்தவர். தண்ணீர் தேங்கினால் துக்கப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மனிதர்கள் சட்டிபானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறி ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. தலைவரின் மனைவி பேராச்சி தன் இரண்டு வெள்ளாடுகளையும் மேலே தூக்கிப்போகக் கிளம்பியபோது, தலைவர் தடுத்துவிட்டார். "என் பொண்டாட்டியே ஆட்டத் தூக்கிட்டு ஓடுனா, கரைமேல எவனுக்குட்டி நம்பிக்க வரும்?" நம்பிக்கையைக் காப்பாற்ற ஆடுகள் கீழேயே நின்றன. பேராச்சி அவை அடித்துக்கொண்டு போகாதபடி, கிணற்றுக் கயிற்றால் கம்பத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

லூசியம்மாள் கன்றைத் தோளில் போட்டு ஒன்பது படியும் ஏறினாள். மேல் ரோட்டில் வளையல் கடை வைத்திருந்த ஹபீபா வளையல் பெட்டிகளை ஒதுக்கிப் பலகையில் கன்றுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். ராசாத்தியைத் தோளில் போட முடியாது. படியிலும் ஏற்ற முடியாது. கீழ்வாசல் வழியாக வெளியேற்றலாம் என்றால் அங்கே கரை. கரையை மாடு மிதித்துக் கெடுத்துவிடக் கூடாதென்று கையில் கம்போடு இசக்கியைக் காவல் வைத்திருந்தார்கள். இசக்கி நல்லவன். கம்பு கையில் இருக்கும் வரை வேறு எதையும் யோசிக்க மாட்டான்.

மூன்றே முக்காலுக்குத் தண்ணீர் ராசாத்தியின் கழுத்துக்கு வந்தது. நீந்தத் தெரிந்த மிருகம்தான். ஆனால் கூரையும் கயிறும் இருக்கும் இடத்தில் எங்கே நீந்துவது? மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. லூசியம்மாள் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அதன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணாச்சி! வெளியில எட்டிப் பாருங்க, தண்ணி ஒரு ஆளு கீழ எறங்கிட்டு! இப்ப தொறந்தா உள்ள வராது, வெளியதான் போவும்!"

"நீ பைய எரும வாயைப் பிடி, நான் கரையப் பாத்துக்கிடுதேன்!"

"என் எரும செத்துப்போவும் அண்ணாச்சி!"

"ஒரு எருமைக்காவ எழுவத்திரண்டு வீட்ட மூழ்க வைக்கச் சொல்லுதியா?"

எழுபத்திரண்டு வீடும் ஏற்கெனவே மூழ்கித்தான் இருந்தன. அவற்றின் தகரக் கூரைகளைத் தாண்டித்தான் அவருடைய குரலே வந்தது.

லூசியம்மாள் திரும்ப வாயைத் திறப்பதற்குள் பேராச்சி வந்துவிட்டாள். படியிறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, தோள்வரை நனைந்து வந்தாள். அவள் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு, கால் நான்கும் விறைத்து, வயிறு மேலாக மிதந்து வந்தது. கம்பத்தில் இறுக்கிய முடிச்சு நனைந்து இன்னும் இறுகி, அவிழ்க்க முடியாமல் அவள் பல்லால் கடித்துத்தான் அறுத்திருக்கிறாள். உதட்டில் ரத்தம் தெரிந்தது. இரண்டாவது ஆட்டுக்கு அந்தச் சிரமமும் வேண்டியிருக்கவில்லை. அது கம்பத்தடியிலேயே கிடந்தது.

பேராச்சி கரையின் அடியில் நின்று மேலே பார்த்தாள். "இந்தாரும், ஒம்ம கரைக்கு இன்னொரு மூட்ட வேணுமா? இத வையும்."

ஆறுமுகநயினார் ஆட்டைப் பார்த்தார். எட்டு வருஷமாகத் தலைவராக இருந்தவர். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. செயலாளரைப் பார்த்தார். கடைசிப் பகுதியைச் சொல்ல முதல் பகுதி வர வேண்டுமே, கோமதிநாயகம் காத்திருந்தார்.

பேராச்சி திரும்பி லூசியம்மாளைப் பார்த்தாள். "ஏட்டி லூசி, என்ன பாத்துட்டு நிக்க? அவுத்து வுடுட்டீ!"

ராசாத்தியின் கழுத்துக் கயிற்றில் போட்டிருந்தது வலைக்காரர் முடிச்சு. எத்தனை நனைந்தாலும் ஒரே இழுப்பில் அவிழும். லூசியம்மாள் இழுத்தாள். "நாலு மணியாயிட்டு ராசாத்தி, குளிக்கப் போவோமா?" என்று காதில் சொல்லிக் கொம்பைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே தள்ளினாள்.

எருமை இரண்டு முறை மூழ்கி எழுந்து, நீந்தி, நேராகக் கரைக்குப் போய் முன்னங்காலை மூட்டைமேல் வைத்தது. இசக்கி கம்பை ஓங்கினான். குறுக்கே நின்ற பேராச்சியைப் பார்த்துவிட்டுக் கம்பை இறக்கினான். தலைவரின் மனைவியை அடிப்பது பற்றி அவனுக்கு உத்தரவு எதுவும் இல்லை. ராசாத்தி அவசரப்படவில்லை. காலையிலிருந்து பட்டினி. மூக்குக்கு நேரே அதனுடைய வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாய் பிடித்து இழுத்தது. இன்னொரு வாய்.

"ஐயையோ, கரையத் திங்குது!" என்று அலறினார் கோமதிநாயகம். அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

மூன்றாம் வாய்க்கு ஒரு சாம்பல் மூட்டை சரிந்தது. அதோடு எட்டோ பத்தோ மூட்டைகள் போயின. பிறகு எண்ண முடியவில்லை. தலைவர் எப்படிக் கரையிலிருந்து சுவருக்குத் தாவினார் என்பதை அவரே பின்னால் பலவிதமாகச் சொன்னார். பேராச்சியும் மற்ற இரண்டு பேரும் கிடங்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தண்ணீர் திறந்த வாய் வழியாகப் பாய்ந்தது. எருமையும் அதோடு போனது. லூசியம்மாள் கொட்டகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அது போன திசையையே பார்த்து நின்றாள். இருபத்தைந்து நிமிஷத்தில் சந்தில் தரை தெரிந்தது.

ராசாத்தியைக் கழிக்கரைச் சேற்றில் கண்டுபிடித்தபோது மணி ஐந்தரை. இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. மடி நிறைந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அருகில் போய் நின்ற லூசியம்மாளின் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு அது தும்மியது. அவள் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அன்று முழுவதும் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

சந்தில் மனிதச் சேதம் இல்லை. இரண்டு ஆடுகள், முப்பத்தொரு கோழிகள், செயலாளர் வீட்டு வாசலில் சங்கிலியில் கட்டியிருந்த நாய் ஒன்று. சூசைமாணிக்கம் ரயில் நின்றுபோய், தண்டவாளத்தில் பாதி தூரம் நடந்து மறுநாள் பகலில் வந்து சேர்ந்து, "என்னட்டி, மழ கூடுதலா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மனிதர் சாகவில்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் நோட்டில் இடமில்லை. மாடு உண்டா என்று கேட்டார். எருமை உண்டு என்று லூசியம்மாளைக் காட்டினார்கள்.

"செத்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை ஐயா, இருக்கிறது."

அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். செத்திருந்தால் ஏதாவது எழுதியிருக்கலாமே என்றார்.

"அடுத்த மழைக்குச் சொல்லி வைக்கிறேன் ஐயா" என்றாள் லூசியம்மாள், தனக்குத் தெரிந்த இந்தியில்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கரையை உடைத்த குற்றத்துக்கு லூசியம்மாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதில் சங்கத்துக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கே கேட்பது என்பதில்தான் தகராறு. பிள்ளையார் கோயிலில் வேதக்காரி கேட்டால் செல்லுமா, மாதா கோயிலில் கேட்டால் பிள்ளையாருக்குத் தெரியவருமா என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். லூசியம்மாள் மூலையில் உட்கார்ந்து ராசாத்தியின் புண்ணுக்கு மஞ்சள் உரசிக்கொண்டிருந்தாள். சந்தைவிட்டுப் போகச் சொன்னால் எருமையோடு எங்கே போவது என்ற ஒன்றுதான் அவள் மனத்தில் ஓடியது.

கடைசியில் பேராச்சி எழுந்தாள். "அவ மன்னிப்புக் கேக்கட்டும். ஒங்க கரைய ஒடச்சு ஒங்க எல்லார் வீட்டையும் தண்ணிலருந்து வெளிய எடுத்ததுக்குக் கேக்கட்டும். பொறவு நீங்க எல்லாரும் வரிசையா வந்து என் ஆட்டுகிட்ட கேளுங்க. பொதச்ச எடத்த நான் காட்டுதேன்."

தீர்மானம் எதுவும் எழுதாமல் கூட்டம் கலைந்தது.

ஆகஸ்ட் பதினொன்று, புதன்கிழமை. மறுநாள் பௌர்ணமி. மழை மீண்டும் பிடித்திருந்தது. கீழ்வாசலில் புதிதாகக் கரை எழும்பியிருந்தது. இந்த முறை நடுவில் தூக்கி இறக்கப் பலகை வைத்து ஒரு மடை. திறக்கும் மடை என்பது தமது தாத்தாவின் சித்தப்பா காலத்து முறை என்று தலைவர் எல்லோருக்கும் விளக்கியிருந்தார். எப்போது திறப்பது என்பது மட்டும் அந்த முறையில் இல்லை.

சாயங்காலம் அவர் லூசியம்மாளின் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அவள் கறக்க உட்கார்ந்திருந்தாள்.

"எரும சொகமா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"புண்ணு ஆறிட்டா?"

"ஆறுது."

"மழ கூடுதலாத்தான் இருக்கு."

"ஆமா."

அவர் கரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நாளைக்கு அந்த... ஏத்தம் எத்தன மணிக்குன்னு நீ ஏதோ சொல்லுவியாமே."

லூசியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "கன்னுக்குட்டி முட்ட வருது அண்ணாச்சி. செத்த பிடிச்சுக்கிடுங்க. கறந்துட்டுச் சொல்லுதேன்."

சந்து நலச் சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கன்றைப் பிடித்துக்கொண்டார். லூசியம்மாள் அன்று நாலு காம்பையும் ஒன்றுவிடாமல், நிதானமாக, கடைசிச் சொட்டு வரை கறந்தாள்.